சோதனைக் குடும்பம்

எந்தப் புதுச் சட்டத்தையும் நாட்டுக்குக் கொண்டுவருமுன் ஒரு மாதம் இளவேனியின் வீட்டில்தான் நடத்திப் பார்ப்பார்கள். பதினைந்து வயதானால் பெற்றோரை விட்டு அரசு விடுதியில் வளரவேண்டும் என்பது இந்த மாதச் சட்டம். நாளை சட்டக் கருத்தரங்கில் அப்பா அனுபவம் சொல்லவேண்டும்.

நள்ளிரவில், பதினைந்து வயது இளவேனி விடுதிப் போர்வைக்குள்ளிருந்து அப்பாவிடம் போனில் கிசுகிசுத்தாள்.

“பயமா இருக்குதுங்கப்பா. கஷ்டம்னு மேடையில சொல்லிப்போடுங்க. போன சட்டத்துக்கு ‘ஒண்ணும் சிரமமில்லைங்க’ன்னீங்க, ஊருக்கே வந்துருச்சு.”

“சால்வை போத்தி மரியாதை பண்றவங்கள மூஞ்சிக்கு நேரா எப்படிக் கண்ணு குறை சொல்றது?”

“அப்ப நான் வீட்டுக்கு வரவேண்டாமுங்களா?”

“அழுவாத சாமி. பாக்கலாம்.”

அப்பா வைத்துவிட்டார். வரப்போகும் பிள்ளைகளுக்காகப் பக்கத்து அறைகளில் கட்டில்களை இழுத்துப் போடும் சத்தம் விடியும்வரை ஓயவில்லை.