டியூப் வேலை

பெட்ரோல் நின்றுபோன பிறகு, ஊரில் எல்லோரையும் போல நானும் என் காரைச் சாராயத்துக்கு மாற்றினேன். கார் நன்றாகவே ஓடியது. வாரம் ஒருமுறை இன்ஜெக்டர் அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். டேங்கில் டியூபை விட்டு, வாயால் உறிஞ்சி, இருப்பதை வாளியில் இறக்கிவிட்டுத்தான் இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டும்.

நான் குடியை விட்டு ஒன்பது வருடம். மறுபடி வாடை வந்தால் பல்லடத்தில் மகள் வீட்டோடு போய்விடுவதாக என் மனைவி மரகதம் சொல்லியிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"டேங்கைக் காலி பண்ணுனேன் மரகதம். நம்பலீன்னா மெக்கானிக் சூசையைக் கேளு."

சூசையைக் கூப்பிட்டாள்.

"நெசந்தானுங்கக்கா. அண்ணந்தான் உறிஞ்சிக் குடுத்தாருங்க."

"துப்புனாரா?"

சூசை காரைப் பார்த்தான். பெட்ரோல் காலத்தில் துப்பாத ஆள் கிடையாது. இப்போது துப்புகிற ஆளை நான் பார்த்ததில்லை.

"எத்தனவாட்டி உறிஞ்சுனாரு?"

"டியூப்ல காத்துப் புடிச்சுக்கிச்சுங்கக்கா. ஒரு பதினாலுவாட்டி."

மரகதம் பெட்டியைக் கட்டினாள். வாசல்வரை போனவள் என்ன நினைத்தாளோ, பெட்டியை இறக்கிவிட்டு டியூபைக் கையில் எடுத்தாள்.

"இனி இந்த வேலைய நானே பாத்துக்கறனுங்க."

இப்போது இன்ஜெக்டர் வாரம் மூன்றுமுறை அடைத்துக்கொள்கிறது. அடைத்துவிட்டது என்று சொல்வதும் அவள்தான். துப்பிவிடுவதாகச் சொல்கிறாள். நான் தரையைத் தடவிப் பார்க்கிறேன், காய்ந்துதான் கிடக்கிறது. சாராயம் சட்டென்று ஆவியாகிவிடுமாம்.