ருக்குமணியின் வீங்கிய கண்

"டேய் நல்லமுத்து, வெளியே வாடா!"

துடைப்பத்தோடு முன்னால் நின்றாள் ஜெயலெட்சுமி. பினாங்குத் துறைமுகக் கூலி லயனில் பாதிப் பெண்கள் அவள் பின்னால். நியாயம் கேட்கப் போவதென்றால் அவளுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. இன்றைக்கோ கையும் காலும் பரபரத்தன.

பின்னே? பக்கத்து அறை ருக்குமணி ஒரு வாரமாக முக்காடும் தானுமாகத் திரிந்தாள். காலையில் குழாயடியில் காற்றுக்கு முந்தானை விலகியது. இடது கண் திறக்க முடியாமல் வீங்கி, சுற்றிலும் கன்னங்கரேலென்று இருந்தது. கேட்டதும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு ஓடிவிட்டாள்.

நல்லமுத்து வெளியே வந்தான்.

"உன் பெண்டாட்டி கண்ணுக்கு என்னடா ஆச்சு?"

அவன் கூட்டத்தைப் பார்த்தான். "நான்தான் அடிச்சேன்."

"எவ்வளவு தைரியமா சொல்றான் பாருங்கடி!"

துடைப்பம் அவன் முதுகில் இறங்கியது. கூட்டம் ஓவென்று கத்தியது. எவளோ காறித் துப்பினாள். அவன் தடுக்கக்கூட இல்லை. ஜெயலெட்சுமிக்குப் பெருமை பிடிபடவில்லை.

"தள்ளுடா!"

அரைத்துக் கொண்டுவந்திருந்த மஞ்சள் பத்துக் கிண்ணத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"பயப்படாதேம்மா, அக்கா இருக்கேன்லா."

ருக்குமணியின் முக்காட்டை விலக்கியவள் திகைத்துப்போனாள். கண்ணைச் சுற்றிக் கொத்துக் கொத்தாய்க் கொப்புளம். வெடித்த இடங்கள் கறுத்துப் பொருக்குத் தட்டியிருந்தன. பொருக்கு உதிர்ந்த இடமெல்லாம் வெள்ளைத் திட்டு.

"இது அடி இல்லையேடி!"

"அக்கிதான் அக்கா. பெருவியாதி இல்லே, நிறம் திரும்பிடும்னு ஆஸ்பத்திரியில மருந்து கட்டுற டிரெசர் சொல்லிட்டாரு."

"அப்புறம் எதுக்கு அந்த மனுஷன் அடிச்சேன்னு சொன்னாரு?"

ருக்குமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"போன வருஷம் பின் லயன் சின்னையா அண்ணன் கன்னத்துல வெள்ளைத் திட்டு பாத்துட்டு, பெருவியாதின்னு ஊரைக் கூட்டி, குஷ்டரோகிகளை அடைச்சு வைக்கிற ஜெரஜா தீவுக்குப் படகு ஏத்துனது நீங்கதானே அக்கா? அடின்னா உங்களுக்கு இரக்கம் வரும், நோயின்னா வராதுன்னு அவருதான்..."

ஜெயலெட்சுமியை வெட்கம் பிடுங்கித் தின்றது. முக்காட்டைத் தானே இழுத்து மூடிவிட்டு வெளியே வந்தாள்.

"ரொம்ப அடியா அக்கா?" கூட்டம் மொய்த்துக்கொண்டது.

நல்லமுத்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாண்டி," என்றாள் ஜெயலெட்சுமி. "பாவி, கண்ணு மண்ணு தெரியாம அடிச்சிருக்கான். ஆறுற வரைக்கும் ஒருத்தரும் உள்ளே போகாதீங்க, நானே பாத்துக்கறேன்."