ஐந்தருவியில் ஒரு மாத்திரைத் திருட்டு

உச்சிமாகாளிக்கு ஏப்பம் தொண்டை வரை வந்துவிட்டது. வாயைப் பொத்தி உள்ளே அனுப்பினார். பக்கத்தில் பெலிக்ஸ் இருக்கிறாரே.

தென்காசி வட்டாரத்தில் கல்யாணச் சமையல் என்றால் உச்சிமாகாளிதான். அவருக்குத்தான் தீராத அஜீரணம். ஒரு கரண்டி சாம்பாரை ருசி பார்த்தாலே நெஞ்சு எரிகிறது. ருசி பார்க்க முடியாத மாஸ்டர் என்று வெளியே தெரிந்தால் பிழைப்பு போச்சு. வருகிற முகூர்த்தத்தில் செங்கோட்டையில் பெரிய கல்யாணம் வேறு.

அதனால்தான் டாக்டர் அபர்ணா நடத்தும் புது அஜீரண மருந்துச் சோதனையில் பேர் கொடுத்தார். பாதிப் பேருக்கு அசல் மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும். யாருக்கு எது என்று கடைசி நாளில்தான் சொல்வார்களாம். தனக்கு வந்தது மாவுதான் என்று உச்சிமாகாளி சத்தியமே செய்வார்.

பெலிக்ஸும் அதே சோதனையில் இருப்பவர். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை. சாரல் நன்றாக இருக்கிறதே என்று இருவரும் ஐந்தருவிக்கு வந்திருந்தார்கள்.

"மாத்திரை கேக்குதா அண்ணாச்சி?"

"கேக்காம என்ன? கல்லத் தின்னாலும் கரைஞ்சிருது," என்று கூசாமல் புளுகினார் உச்சிமாகாளி. "ஒமக்கு?"

"நேத்து மூணு பரோட்டா, ஒரு முழுக்கோழி. விடியுமுன்ன மறுபடி பசி."

உச்சிமாகாளிக்கு வயிறு கூடுதலாக எரிந்தது. அந்தப் பாவிக்கு அசல் கிடைத்திருக்கிறது.

அருவிக்கரையில் பையைக் கீழே வைத்தால் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விடும். ஒருவர் குளிக்க, மற்றவர் பையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். உச்சிமாகாளி முதலில் போய் ஆசைதீர நின்றுவிட்டு வந்தார். பிறகு பெலிக்ஸ் பைகளைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பெலிக்ஸின் தலை தண்ணீருக்குள் மறைந்ததும் உச்சிமாகாளியின் கை அவர் பைக்குள் போனது. டப்பாவில் நம்பர் இருந்ததால் மாத்திரைகளை மட்டும் மாற்றினார். அருவியில் நின்றதில் மூக்கு நன்றாகத் திறந்திருந்தது. பெலிக்ஸின் மாத்திரைகளில் கமகமவென்று பெருங்காய வாசனை. செரிமான மருந்தில் பெருங்காயம் இல்லாமல் இருக்குமா? அசலேதான்.

அடடா, என்ன மருந்து! மறுநாளே ஏப்பம் நின்றது. செங்கோட்டைக் கல்யாணத்தில் அவியல் முதல் அடைப்பிரதமன் வரை ருசி பார்த்தார். போதாதென்று பந்தியிலும் உட்கார்ந்தார். பெலிக்ஸை நினைத்தால் மட்டும் கொஞ்சம் பாவமாக இருந்தது.

சோதனையின் கடைசி நாள். மிச்ச மாத்திரைகளைத் திருப்பி வாங்கிய டாக்டர் அபர்ணா, உச்சிமாகாளியின் டப்பாவைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்ன மாஸ்டர், பெருங்காய வாசனை தூக்குது?"

"மருந்துல உள்ளதுதானம்மா?"

"இந்த மருந்துல பெருங்காயமே கிடையாது. உங்க சமையல் சாமானோட சேர்த்து வச்சிருந்தீங்களா?"

ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் வைத்திருந்தார். ஆனால் அந்த வாசனை பெலிக்ஸின் டப்பாவில் அல்லவா வந்தது? உச்சிமாகாளி மெல்லத் திரும்பினார். தன் டப்பாவோடு பின்னால் உட்கார்ந்திருந்த பெலிக்ஸ் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோவப்படாதிய அண்ணாச்சி. பரோட்டா, கோழி எல்லாம் சும்மா சொன்னது. நீங்க கல்லு கரையுதுன்னு சொன்னியள்லா, அசல் ஒங்ககிட்டதான் இருக்குன்னு நெனைச்சிட்டேன். நீங்க மொதல்ல குளிக்கப் போனப்பவே ரெண்டையும் மாத்திட்டேன்."

தன் மாத்திரையையே திருடித் தின்றிருந்த உச்சிமாகாளிக்கு, இத்தனை நாள் வராத ஏப்பம் அங்கேயே வந்தது.