குட்டி ஓடங்கள்

“அண்ணி, நீங்க கொடுத்த நல்ல ரத்தம் மறுபடியும் நம்ம மானத்தை வாங்குது!”

நாத்தனார் கணினித் திரையைக் காட்டினாள். அண்ணி நாற்காலியில் சாய்ந்தபடியே கண்ணைத் திறந்தாள். மதிய வெயில் திரைச்சீலை வழியே வடிந்து வந்து மேஜைமேல் கிடந்தது. ஆய்வுக்கூடமே தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. அது சுகமாகவும் இருந்தது.

இதய நோயை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் அந்தக் கருவிக்காக அண்ணி வருடக்கணக்கில் உழைத்திருந்தாள். சாயங்காலம் மேலிடத்திலிருந்து சோதித்துப் பார்க்க வருகிறார்கள். நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட, ஆரோக்கியமான ஒருவரின் ரத்தமும் வேண்டும். அதற்குத்தான் ‘நல்ல ரத்தம்’ என்று பெயர். அதையே நோய் என்று கருவி சாதித்தால் உழைப்பு அத்தனையும் வீண்.

“மிஷினைக் கழுவிட்டுப் போட்டியா?”

“ரெண்டு தடவை கழுவியாச்சு. உங்க குட்டிப் புரதம் குறையவே மாட்டேங்குது.”

குட்டிப் புரதம் என்றதும் அண்ணியின் முகம் மலர்ந்தது. “அது ஓடம்டி. இதயத்துக்கு விறகே கொழுப்புதான். அது தானா நீந்தாது, இந்த ஓடம்தான் ஏத்திக்கிட்டுப் போகணும். இதயம் அடிபட்டா ஓடமெல்லாம் கரையை உடைச்சுக்கிட்டு ரத்தத்துல மிதந்து வந்துடும். மத்த சோதனையில தெரியறதுக்கு முன்னாடியே வந்துடும்...”

“கல்யாணமான புதுசுல இதைச் சொல்லித்தானே எங்க அண்ணனைத் தூங்க வெப்பீங்க!”

அண்ணி சிரித்தாள். பாதிச் சிரிப்பில் தாடையைத் தடவிக்கொண்டாள். “பல்லு வேற காலையிலேர்ந்து வலிக்குது. நாளைக்குப் பல் டாக்டரைப் பார்க்கணும்.”

“சரி, இது யாரோட ரத்தம்? அண்ணனோடதா?”

“உங்க அண்ணனா? ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழற ஆளு! இது எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஆளு. ஒரு தலைவலி மாத்திரைகூடப் போட்டதில்லை. மிஷின்தான் உளறுது.”

நாத்தனார் யோசித்தாள். “உளறினா எல்லாத்துலயும்தானே உளறணும்? மத்த குழாயெல்லாம் சரியா காட்டுது. இந்த ஒருத்தர் ரத்தத்துல மட்டும், காலையில எடுத்ததைவிட மதியம் எடுத்ததுல இன்னும் ஏறியிருக்கு அண்ணி.”

“இன்னொரு தடவை கழுவு.”

சொன்னது தன் குரல்தானா என்று அண்ணிக்கே சந்தேகமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கிளைகள் ஓசையில்லாமல் அசைந்தன. கண்ணை மூடினால் குட்டி ஓடங்கள் வரிசையாகப் போயின. எங்கே போகின்றன என்று கேட்கத் தோன்றவில்லை. அறை நன்றாகக் குளிர்ந்திருந்தும் நெற்றி வியர்த்தது.

நாத்தனாருக்குப் பயம் வந்துவிட்டது. “மிஷின் கிடக்கட்டும் அண்ணி. அந்த ஆளு இப்ப எங்க இருக்காரோ, என்ன பண்றாரோ! நம்பர் சொல்லுங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றேன்.”

“நம்பர் எதுக்குடி பைத்தியம்? ஆளு கல்லு மாதிரி இருக்கு” என்று அரைத்தூக்கத்தில் சிரித்தபடி, வியர்வையில் ஒட்டிய கோட்டுக் கையை அண்ணி மேலே சுருட்டினாள்.

முழங்கையின் உள்மடிப்பில், காலையில் ஒன்று மதியம் ஒன்று என, இரண்டு பஞ்சுத் துண்டுகள் ஒட்டியிருந்தன.