சேருமுன் வந்த ஆறு மாதம்

முதலீட்டு நிறுவனம் பயிற்சி வேலைக்கான கடிதத்தோடு, அங்கே ஆறு மாதம் வேலை பார்த்தது போன்ற செயற்கை ஞாபகத்தையும் பெனிட்டாவின் மனதுக்கு அனுப்பியிருந்தது. பிடித்தால் சேரலாம். இன்னும் போகாத அந்த அலுவலகத்துக்காக பெனிட்டா மூன்று நாளாக ஏங்கிக்கொண்டிருந்தாள். சந்தை சரிந்த அன்று, பக்கத்து இருக்கை ரஷீதாவோடு கீழே டீக்கடையில் நின்று சிரித்ததெல்லாம் கண்ணிலேயே நின்றது.

"இவ்வளவு பிடிச்சிருந்தா கையெழுத்துப் போட வேண்டியதுதானேடி" என்றாள் அம்மா.

பெனிட்டா எப்படியோ எண்ணைத் தேடிப் பிடித்து ரஷீதாவை அழைத்தாள். அவளுக்கும் அதே கடிதமும் அதே ஞாபகமும் வந்திருந்தன.

"இப்பவும் பன்னை டீயில முக்கித்தான் திங்குறியா?" என்று கேட்டாள், நேரில் பார்த்தேயிராத ரஷீதா.

"ஆமா. நீ சேர்ந்துட்டியா?"

"இடம் ஒண்ணுதானாம். நீ சேரணும்னு நான் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

பெனிட்டா கடிதத்தை மடித்தாள்.

"அங்க எனக்கு உன்னைத் தவிர யாரையும் தெரியாதே, ரஷீதா."