ஃபேன் பெல்ட்

"உன்னை நம்பிக் கல்யாணப் பொண்ணை வண்டியில ஏத்தினேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

சுந்தர்சிங் போட்ட சத்தத்தில் இரும்புலியூர் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜி.எஸ்.டி. ரோட்டோரம் அவருடைய அம்பாசடர் பானெட்டைத் திறந்துகொண்டு, புஸ் புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டு நின்றது. பின் சீட்டில் வெள்ளைப் பட்டும் தலையில் வலைத்துணி நெட்டுமாக மகள். பக்கத்தில் விசிறிக்கொண்டிருந்த மனைவி ரத்தினபாய், "மாருதி வாங்குங்கன்னு அப்பவே சொன்னேன்" என்றாள், யாருக்கும் கேட்காத மாதிரி.

தாம்பரம் சர்ச்சில் பத்து மணிக்குக் கல்யாணம். பதினோரு மணிக்கு அதே சர்ச்சில் வேறொரு ஜோடி. இப்போது மணி ஒன்பது இருபது. சொந்தக்காரர்களை ஏற்றிய வேன் எப்போதோ முன்னால் போய்விட்டது.

திட்டு வாங்கிக்கொண்டிருந்தவன் மெக்கானிக் தனக்கோடி. முந்தின நாள்தான் இந்த வண்டியை சர்வீஸ் செய்து கொடுத்திருந்தான். நல்லவேளை, அவன் ஷெட் பக்கத்திலேயே இருந்தது. ரத்தினபாயின் தம்பி ஐசக் ஓடிப்போய்க் கையோடு அழைத்து வந்துவிட்டார். அவர்கள் வரும்வரை சுந்தர்சிங்கும் சும்மா இருக்கவில்லை. எஞ்சினுக்குள் கையை விட்டு அங்கங்கே அழுத்திப் பார்த்தார். கார் வைத்திருப்பவர்கள் எல்லாருமே பாதி மெக்கானிக்தானே!

இப்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார்.

"சார், தொறக்காதீங்க! மூஞ்சி வெந்துடும். கொஞ்ச நேரம் ஆறட்டும்."

"ஆறட்டுமா? அங்க சர்ச்சுல பாதிரி ஐயர் காத்துக்கிட்டு இருப்பார்யா!"

"அதுக்கு இன்னா சார் பண்றது? இந்தச் சூட்டுல பச்சத்தண்ணி ஊத்தினா எஞ்சின் விரிசல் வுட்டுடும்."

"அப்பா, ஆட்டோவுல போயிடலாமா?" மகளின் குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது.

"நீ சும்மா இரும்மா."

தனக்கோடி ஹோஸ் பைப்பைத் தடவிப் பார்த்தான். ஒழுகல் இல்லை. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தான். அதில் தண்ணீர் கலக்கவில்லை. அப்புறம் வண்டிக்கு முன்னால் வந்து குந்தினான். அங்கே தகரத்தில் வெட்டிய பெரிய சிவப்பு இதயம் ஒன்று கட்டியிருந்தது. அதில் பொண்ணு மாப்பிள்ளை பெயர்கள் தங்க எழுத்தில் மின்னின.

"இத யாருண்ணே செஞ்சது?"

ஐசக்கின் முகம் மலர்ந்துவிட்டது. "நான்தாம்பா. திருமுடிவாக்கத்துல எங்க பட்டறையில நானே வெட்டி, நானே பெயின்ட் அடிச்சேன். தாய்மாமன்னு பேரு, பெரிசா எதுவும் செய்ய முடியல. இதையாவது செய்வோம்னு..."

"எனக்கு இதுதான் மாமா ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றாள் மகள் உள்ளேயிருந்து. அந்த நிலைமையிலும் ரத்தினபாய்க்குக் கண் கலங்கியது.

தனக்கோடி எழுந்தான். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எஞ்சின் பக்கம் போய் எதையோ திருகினான்.

"சார், தப்பு என்னுதுதான். ஃபேன் பெல்ட்டு லூஸா கீது. நேத்து டைட் பண்ண மறந்துட்டேன்."

சுந்தர்சிங் ஒரு கணம் அவனையே பார்த்தார். பிறகு பிடித்துக்கொண்டார்.

"மறந்துட்டியா? பொறுப்பு இருக்காய்யா உனக்கு? எங்க குடும்ப மானமே போயிருக்கும்! இனிமே உன் ஷெட் பக்கம் தலை வெச்சுப் படுப்பேனா நான்?"

தனக்கோடி தலையைக் குனிந்துகொண்டான்.

ஐசக்குக்கே பாவமாகிவிட்டது. "விடுங்க அத்தான். மனுஷன்னா மறதி வர்றதுதான். பெரிய மனசு பண்ணுங்க."

சூடு தணிந்ததும், தனக்கோடி ஈரச் சாக்கைப் போட்டு மூடியை மெல்லத் திருகினான். எஞ்சினை ஓடவிட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். கையைத் துடைத்துக்கொண்டே ஐசக்கிடம் வந்தான்.

"அண்ணே, இந்த போர்டைப் பின்னாடி டிக்கியில கட்டிடலாமா? வண்டி தாண்டிப் போனப்பறந்தான் ஜனம் நின்னு படிக்கும்."

"அட, எனக்குத் தோணவே இல்ல பாரு!" ஐசக்கே அவிழ்த்து, டிக்கியில் கட்டினார்.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வண்டி கிளம்பியது. சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவே இல்லை. சர்ச் வாசலில் இறங்கியபோது மணி அடித்துக்கொண்டிருந்தது. ரத்தினபாய் விட்ட பெருமூச்சு மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கே கேட்டிருக்கும்.

சாயங்காலம் தனக்கோடி ஷெட்டில் சோர்ந்து உட்கார்ந்திருந்தான். பல வருஷத்து வாடிக்கைக்காரரை ஒரே நாளில் இழந்துவிட்ட கவலை அவனுக்கு.

அதே அம்பாசடர் வந்து நின்றது. சுந்தர்சிங் மட்டும் இறங்கினார், கையில் பிரியாணிப் பொட்டலமும் கேக்குமாக.

"இந்தா, கல்யாணச் சாப்பாடு. புள்ளைங்களுக்கும் சேர்த்துக் கொண்டு வந்திருக்கேன்."

"கோவம் போயிடுச்சா சார்?"

"நீ வர்றதுக்கு முன்னாடியே நான் பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன்யா. நல்லா டைட்டா இருந்துது."

தனக்கோடி தலையைச் சொறிந்தான். "அது வந்து சார்... காத்து உள்ள பூர வழியே இல்லாம அந்தத் தகர போர்டு அடைச்சுகினு இருந்துச்சு. அப்புறம் ரேடியேட்டர் எப்டி ஆறும்? ஆனா அந்த அண்ணன் அவ்ளோ ஆசையா சொல்றாரு. பொண்ணு வேற சந்தோஷப்படுது. எப்டி சார் வாயைத் தொறந்து சொல்றது?"

"நீ பெல்ட்டு லூஸுன்னு சொன்னதுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"புரிஞ்சுமா சார் அந்தத் திட்டு திட்டினீங்க?"

"பின்னே? நான் திட்டாம விட்டிருந்தா, என் மச்சானுக்குச் சந்தேகம் வந்திருக்குமேய்யா!"