அக்ராவில் போட்ட ஒட்டு

"அக்ராவுல நடு டிராஃபிக்ல, எஞ்சின் ஓடிட்டிருக்கிற டாக்ஸி பானெட் மேல மிஷினை வெச்சு, கிழிஞ்ச என் பேண்ட்டைத் தெச்சுக் குடுத்தான் ஒருத்தன். மிஷினைத் தலையில சுமந்துட்டு வந்தான்டா!" என்று நானூறாவது முறையாகச் சொல்கிறார் அலோசியஸ். விவேக் நகர் தையல்கடையில் அவர் மனைவியின் தம்பி லாயிட் தலை நிமிராமல் ஊசியில் நூல் கோக்கிறான். "போன வாரம் அங்க முதலை ஆட்டோவுக்குக் கை காட்டுச்சுன்னீங்களே, மாமா."

ரிட்டயரான பிறகு அலோசியஸ் விட்ட கதைகளை அடுக்கினால் கோயில் கோபுரத்தைத் தாண்டும். அது அவருக்கே தெரியும். ஆனால் மகளைப் பார்க்கக் கானாவின் தலைநகர் அக்ராவுக்குப் போனபோது நடந்த இந்த ஒன்று மட்டும் சத்தியம். இதைத்தான் ஒருவரும் நம்பவில்லை. மதிய வெயில் படியேறி வந்து தரையில் கிடக்கும் வெட்டுத் துணிகளின் மேல் படுத்திருக்கிறது. வெளியே ஆட்டோக்கள் அலறுகின்றன. பொறுக்கமாட்டாமல் திரைக்குப் பின்னால் போகிறவர், துண்டைக் கட்டிக்கொண்டு பேண்ட்டை வெளியே வீசுகிறார். "நீ தெச்ச பேண்ட்டுதானே? பின்பக்கம் பாரு!"

லாயிட் புரட்டுகிறான். உள்ளே மஞ்சளும் நீலமுமாய்ப் பறவைகள் போட்ட ஒட்டுத்துணி. அவன் பார்ப்பது பறவைகளை அல்ல, தையலை. கண்ணாடியை மூக்கில் இறக்கி வெளிச்சத்தில் பிடிக்கிறான். நேராக ஓட வேண்டிய தையல் நெடுகப் பொடிப்பொடியாக நடுங்கியிருக்கிறது. விரலால் ஒருமுறை தடவுகிறான். இன்னொரு முறையும் தடவுகிறான். "கையால சுத்துற மிஷினு," என்கிறான் மெதுவாக. "எஞ்சினும் ஓடிட்டுத்தான் இருந்துருக்கு, மாமா."